சிபில் ஸ்கோரை விடுங்கள், அறிக்கையைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனைத் திறந்தாலே "உங்கள் சிபில் ஸ்கோர் இலவசம், ஒரே நிமிடத்தில்" என்று விளம்பரம் வந்து நிற்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து நம் ஜனங்களுக்கு ஒரு எண்ணம் ஊறிவிட்டது: 750-க்கு மேலே இருந்தால் யோக்கியன், கீழே இருந்தால் கடனுக்கு லாயக்கில்லாதவன், விஷயம் அவ்வளவுதான் என்று. வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்கோர் என்பது நாம் கடனைக் கட்டிய விதத்தை வைத்துப் போடும், 300-இலிருந்து 900 வரைக்குள் ஏதோ ஒரு எண். அதற்குப் பின்னால் நம் கடன்கள் எல்லாவற்றின் வரலாறாகப் பக்கம் பக்கமாக ஒரு அறிக்கை இருக்கிறது, மேனேஜர் படிப்பது அதைத்தான், தப்பு இருப்பதும் அதில்தான், சட்டம் நமக்குத் திருத்தக் கேட்கும் உரிமை கொடுத்திருப்பதும் அந்த அறிக்கையில் உள்ள தகவலைத்தான். எண்ணை ஏற்றித் தா என்று யாரிடமும் மனுப் போட முடியாது.

அந்த முழு அறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரிலேயே உத்தரவு போட்டுவிட்டது. 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் என்னிடம் வந்து கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியவில்லை. காசு கொடுத்துச் சந்தா கட்டியவர்கள் இருக்கிறார்கள், பிரவுசிங் சென்டரில் 200 ரூபாய் கொடுத்து ஒரு பக்கம் மட்டும் பிரின்ட் எடுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தப்பைத் திருத்தும் வழியைச் சொல்லும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

முதலில் ஒன்று. சிபில் என்பது ஒரு கம்பெனியின் பெயர். நம் ஊரில் எல்லா ஜெராக்ஸும் ஜெராக்ஸ் ஆனமாதிரி எல்லாக் கடன் அறிக்கையும் சிபில் ஆகிவிட்டது. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று நடப்பவை நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். வங்கிகள், நிதி நிறுவனங்கள், குழுக் கடன் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகள் எல்லாம் இந்த நான்குக்கும் தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றில் முடிந்துபோன கடன் இன்னொன்றில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் போகும் வங்கி இந்த நான்கில் எதைப் பார்க்கும் என்பது அவர்கள் இஷ்டம். நீங்கள் சிபிலில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பீர்கள், வங்கி மேனேஜர் வேறு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குவார்.

ஆக, வருஷத்துக்கு நான்கு இலவச அறிக்கை, ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒன்று. கணக்கு காலண்டர் வருஷம், அதாவது ஜனவரி முதல் டிசம்பர் வரை. டிசம்பரில் ஒன்று வாங்கினாலும் ஜனவரியில் மறுபடி கேட்கலாம், யாரும் தடுக்க முடியாது. சும்மா ஒரு கண் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுத்தால் வருஷம் முழுக்கப் பார்த்தமாதிரி ஆகிவிடும். வீட்டுக்கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் விண்ணப்பிப்பதற்கு மூன்று நான்கு மாதம் முன்னாலேயே நான்கையும் ஒன்றாக எடுத்துவிடுங்கள். தப்பு இருந்தால் திருத்துவதற்கு அவகாசம் வேண்டும் இல்லையா.

எடுப்பது பெரிய வித்தை கிடையாது. அந்தந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்துக்குப் போக வேண்டும், இடையில் எந்தச் செயலியும் வேண்டாம். பான் எண், பானில் இருக்கிறபடியே பெயர், பிறந்த தேதி, செல் எண், மின்னஞ்சல் கேட்பார்கள், ஓடிபி வரும், சில சமயம் உங்கள் பழைய கடனைப் பற்றிக் கேள்வி கேட்டு நீங்கள்தானா என்று சரிபார்ப்பார்கள். அவ்வளவுதான். சிக்கல் எங்கே வருமென்றால், இலவச அறிக்கைக்கான வாசல் ஒரு மூலையில் இருக்கும், மாதச் சந்தா, வருஷச் சந்தா எல்லாம் கண்ணைப் பறிக்கும் கலரில் நடுவில் இருக்கும். இந்த விளையாட்டு தெரிந்துதான் ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை போட்டு, இலவச முழு அறிக்கைக்கான இணைப்பை இணையதளத்தில் பளிச்சென்று தெரியும்படி வைக்கச் சொன்னது. ஆகவே பணம் கட்டும் பக்கம் வந்தால் பதறாமல் பின்னால் போய் மறுபடி தேடுங்கள், கார்டு எண்ணைப் போடாதீர்கள். இலவச அறிக்கை போக இன்னொன்று வேண்டுமென்றாலும் ஒரு அறிக்கைக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலேயே நிதித்துறை இணை அமைச்சர் பதில் சொல்லியிருக்கிறார்.

பழைய செல் எண் போய்விட்டது, ஓடிபி வரவில்லை என்பவர்கள் பலர். கடன் வாங்கும்போது கொடுத்த எண்ணை மாற்றும்போது வங்கிக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடையாளச் சான்றை இணைத்து எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அவசரத்துக்கு ஆகாது, ஆனால் வேலை நடக்கும்.

இலவச ஸ்கோர் தருகிறேன் என்று சொல்லும் மூன்றாம் தரப்புச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் தர்மம் செய்யவில்லை. உங்கள் பானும் செல் எண்ணும் வருமானமும்தான் அவர்களுக்கு வேண்டியது, "உங்களுக்குப் பத்து லட்சம் தயார்" என்று மதியத் தூக்கத்தில் போன் வருவது அங்கிருந்துதான். சில செயலிகள் முழு அறிக்கையும் தருகின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூலவரே இலவசமாகத் தரும்போது நடுவில் ஆள் எதற்கு?

இன்னொரு பயம் நம்மவர்களிடம் பலமாக இருக்கிறது. அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறைந்துவிடுமாமே என்று. நம் அறிக்கையை நாமே பார்த்தால் ஒரு புள்ளிகூடக் குறையாது. நாம் கடனுக்கு விண்ணப்பித்து, அதன்பேரில் வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்த்தால்தான் விசாரணை என்று பதிவாகும், அது குறுகிய காலத்தில் நிறைய ஆனால்தான் கெடுதல். லோன் ஏஜென்ட் ஒருவரிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தால் அவர் எங்கே கிடைக்கும் என்று பார்க்க ஏழெட்டு இடத்தில் ஒரே வாரத்தில் போட்டுவிடுவார். அந்த ஏழெட்டும் உங்கள் அறிக்கையில் வரிசையாக நிற்கும். ஒன்பதாவது வங்கி அதைப் பார்த்து, இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு பண முடை என்று யோசிக்கும். ஏஜென்ட்டிடம் போவதாக இருந்தால் எந்த வங்கியில் போடப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, அறிக்கை வந்துவிட்டது. பத்து இருபது பக்கம் இருக்கும், எல்லாம் ஆங்கிலம், சுருக்கெழுத்து வேறு. பாதிப் பேர் இங்கேதான் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு பேனாவோடு உட்காருங்கள்.

முதலில் வருவது பெயர், பிறந்த தேதி, பான், முகவரிகள், செல் எண்கள். இதை யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஆள் மாறாட்டத்தின் முதல் தடயம் இங்கேதான் கிடைக்கும். நீங்கள் ஒருநாளும் குடியிருக்காத முகவரியோ உங்களுடையதல்லாத செல் எண்ணோ இருந்தால், இரண்டில் ஒன்று: வேறு யாருடைய கணக்கோ உங்கள் தலையில் வந்து சேர்ந்திருக்கிறது, இல்லை உங்கள் பெயரில் யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இதில் தனி இம்சை உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் ஒரு மாதிரி, பானில் அப்பா பெயர் விரிந்து ஒரு மாதிரி, பழைய வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால் போய் ஒரு மாதிரி. ஒரே பெயர், ஒரே இனிஷியல், பக்கத்துப் பக்கத்து ஊர், பழைய கடனில் பான் எண் வேறு இல்லை என்றால் இரண்டு பேருடைய கணக்கும் ஒன்றில் கலந்துபோவதற்கு வேறென்ன வேண்டும்?

அடுத்தது கணக்குகள். ஒவ்வொரு கடனும் கார்டும் தனித்தனிக் கட்டமாக இருக்கும். யார் கொடுத்தது, எப்போது, எவ்வளவு, இன்னும் எவ்வளவு பாக்கி, முடிந்ததா இல்லையா. செயலி மூலம் கடன் வாங்கியவர்கள் இங்கே குழம்புவார்கள், ஏனென்றால் செயலியின் பெயர் இருக்காது, அதற்குப் பின்னால் பணம் போட்ட நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். செல்போன் கடையில் வட்டியில்லாத தவணை என்று சொல்லி வாங்கிய போனும் இதேபோல் முன்பின் கேள்விப்படாத பெயரில் கடனாக நிற்கும். ஆகவே தெரியாத பெயரைப் பார்த்தவுடன் மோசடி என்று கத்தாமல் தேதியையும் தொகையையும் வைத்து யோசியுங்கள். யோசித்தும் புரியவில்லை என்றால் அப்போது சந்தேகப்படுங்கள். 2022-இல் ஒரு கடன் செயலி வழியாக யார் யாருடைய பான் எண்ணையோ போட்டு யாரோ கடன் வாங்கிய விவகாரம் வெளியே வந்ததே, பல பேருக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கட்டத்தில் நீங்கள் அந்தக் கடனுக்கு யார் என்பதும் இருக்கும்: தனியாக வாங்கியவரா, கூட்டாக வாங்கியவரா, ஜாமீன்தாரரா. மச்சானுக்கு, பால்ய நண்பனுக்கு, கூட வேலை பார்ப்பவருக்கு என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவர்கள் எத்தனை பேர். அவர் தவணை கட்டாமல் விட்டால் அந்தக் கறை உங்கள் அறிக்கையிலும் விழும். வங்கி உங்களைத் தேடி வருவதற்கு முன்னாலேயே அறிக்கை காட்டிக்கொடுத்துவிடும். மச்சானிடம் கேட்க முடியாத கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது.

கட்டத்துக்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்ன எண்கள் வரும், சிபில் அறிக்கையில் மூன்று வருஷத்துக்கு, அதாவது 36 மாதத்துக்கு. தவணை எத்தனை நாள் தாமதம் என்பதுதான் அது. 000 என்று இருந்தால் நாள் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள். 030 என்றால் முப்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது. எஸ்டிடி என்று எழுத்தில் இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஒழுங்கான கணக்கு என்றுதான் பொருள். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் அந்த மாதத் தகவல் வரவில்லை. 90-ஐத் தாண்டினால் வாராக்கடன் வரிசையில் சேர்ந்துவிட்டீர்கள். கடன் பிரிவில் இருக்கிறவர்கள் ஸ்கோரைவிட இந்த எண் வரிசையைத்தான் முதலில் மேய்வார்கள். ஒருவர் இரண்டு வருஷம் முன்னால் தடுமாறி அப்புறம் விடாமல் கட்டிவந்திருக்கிறாரா, அல்லது போன மூன்று மாதமாகத்தான் ஆட்டம் காண்கிறாரா என்பது இதில் தெரிந்துவிடும், ஒற்றை எண்ணில் தெரியாது.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதி உதவும். கெடு தேதி முடிந்து மூன்று நாளைக்கு மேல் ஆன பிறகுதான் தாமதம் என்று அவர்கள் தகவல் அனுப்ப வேண்டும். ஓரிரு நாள் தாமதத்துக்கே கறுப்புப் புள்ளி வைத்திருந்தால் சண்டை போடலாம். அதேபோல், கேட்காமலே வந்து சேர்ந்த கார்டு, நீங்கள் அதைச் செயல்படுத்தவே இல்லை என்றால் அதை உங்கள் கடன் கணக்கில் காட்டக்கூடாது. 2022-இல் வந்த கார்டு விதிகளில் இரண்டும் இருக்கின்றன.

இப்போது எல்லோரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். கணக்கின் நிலை என்ற வரியில் குளோஸ்டு என்று இருக்க வேண்டும். அதற்குப் பதில் செட்டில்டு என்று இருந்தால் பலர் அடடா செட்டில் பண்ணிவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறார்கள். அது சந்தோஷப்படும் சமாசாரம் இல்லை. முழுப் பாக்கியைக் கட்டாமல், இவ்வளவு கொடு போதும் என்று வங்கி விட்டுக்கொடுத்து முடித்த கணக்கு அது. வசூலுக்கு வரும் ஆட்கள் "ஒரு தொகை கட்டுங்க சார், இன்னைக்கே முடிச்சு விட்டுடறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள், அறிக்கையில் என்ன விழும் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். கட்டவே முடியாத நிலையில் இருப்பவருக்கு ஓடிஎஸ் எனும் இந்த ஒரே தடவைத் தீர்வு ஒரு வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் இருபதாயிரமோ முப்பதாயிரமோ சேர்த்துக் கட்டினால் முழுசாக முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், பிரச்சினை தீர்ந்தால் சரி என்று செட்டில்மென்டுக்குத் தலையாட்டிவிட்டு அப்புறம் வருஷக்கணக்கில் வீட்டுக்கடனுக்கு அலைகிறார்கள். ஏற்கெனவே செட்டில்டு என்று விழுந்திருந்தால், அதே வங்கியிடம் போய் விட்டுக்கொடுத்த மீதியைக் கட்டுகிறேன், முழுதாக முடிந்தது என்று மாற்றிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். ரிட்டன் ஆஃப் என்று இருந்தால் அது இன்னும் மோசம், வராது என்று வங்கி எழுதித் தள்ளிய கணக்கு.

நகைக்கடன் வைத்து மீட்பவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு. நகையைத் திருப்பியாயிற்று, பிறகென்ன என்று இருந்துவிடுகிறோம். நகை வீட்டு பீரோவுக்கு வந்த பிறகும் அறிக்கையில் கடன் ஓடிக்கொண்டிருக்கலாம். மாற்றி வைத்தால் பழையது முடிந்து புதியது தொடங்கியதாக வரவேண்டும், இரண்டுமே பாக்கியாக நின்றால் உங்கள் கடன் சுமை இரட்டிப்பாகத் தெரியும். மகளிர் குழுக் கடனும் அப்படித்தான். வாரா வாரம் பணத்தைக் குழுத் தலைவியிடம் கொடுத்திருப்பார்கள், ரசீது இருக்காது, அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியும். குழுக் கடன் வாங்கியவர்கள் சிபிலோடு நிறுத்தாமல் கிரிஃப் ஹைமார்க் அறிக்கையையும் கட்டாயம் எடுங்கள், அவர்கள் மைக்ரோ ஃபைனான்ஸ் தகவலைத் திரட்டுவதிலிருந்து வளர்ந்த கம்பெனி.

கடைசிப் பகுதி விசாரணைகள். யார் எந்தத் தேதியில் எந்தக் கடனுக்காக உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள் என்று இருக்கும். நீங்கள் வாசலைக்கூட மிதிக்காத நிறுவனம் எடுத்திருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். இப்போது விதி என்னவென்றால், யார் எடுத்தாலும் கடன் தகவல் நிறுவனம் உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். தவணை தவறியதாக வங்கி தகவல் கொடுக்கும்போதும் வங்கி உங்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்திகளை விளம்பரம் என்று நினைத்து அழிக்காதீர்கள்.

தப்பு இருந்தால் என்ன செய்வது? ரிசர்வ் வங்கி இதற்குப் பல் வைத்த விதி போட்டிருக்கிறது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அறிக்கை கொடுத்த கம்பெனியின் இணையதளத்திலேயே தகராறு (டிஸ்பியூட்) பதிவு செய்யும் இடம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அறிக்கையின் மேலே ஒரு எண் அச்சாகியிருக்கும், அதைக் குறிப்பிட வேண்டும். எந்தக் கணக்கில், எந்த வரியில், என்ன தப்பு என்று ஒன்றொன்றாகப் பதியுங்கள், "என் சிபில் தப்பாக உள்ளது, சரி செய்யவும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. கம்பெனி தானாகத் திருத்தாது, கடன் கொடுத்தவரிடம் கேட்கும், அவர் ஆமாம் தப்புதான் என்று சொன்னால்தான் மாற்றும். அதனால் அதே நாளில் கடன் கொடுத்த வங்கிக்கும் ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போட்டுவிடுங்கள், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று (என்ஓசி), பணம் கட்டிய ரசீது, பாஸ்புக் பக்கம் எல்லாவற்றையும் இணைத்து. கவுன்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போச்சு. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

கெடு மொத்தம் 30 நாள். அதில் வங்கிக்கு 21 நாள், அதற்குள் சரியான தகவலை அனுப்பிவிட வேண்டும். முப்பது நாளைத் தாண்டியும் தீரவில்லை என்றால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. வங்கி இழுத்தடித்திருந்தால் வங்கி தரவேண்டும், வங்கி நேரத்துக்கு அனுப்பியும் தகவல் நிறுவனம் தூங்கியிருந்தால் அது தரவேண்டும். 2023 அக்டோபரில் அறிவித்து 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து அமலில் இருக்கும் விதி இது. நூறு ரூபாய் என்ன பெரிய பணம் என்று கேட்கலாம். ஆனால் நீங்கள் அதைக் கேட்டுக் கடிதத்தில் எழுதினால், அதுவரை அலமாரியில் கிடந்த உங்கள் கோப்பு மேஜைக்கு வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அப்படியும் நகரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களையும் 2022 செப்டம்பரிலிருந்து அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் வங்கிக்கோ கம்பெனிக்கோ புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்ததற்கு அத்தாட்சி வேண்டும், அது இல்லாமல் நேராகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். இணையத்தில் பதியத் தெரியாதவர்கள் 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம், தமிழில் பேசலாம்.

இது எல்லாவற்றையும் விட அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. "உங்க சிபில் சரியில்லைங்க" என்று ஒரு வரியில் சொல்லி வங்கி உங்களைத் திருப்பி அனுப்பினால், அவர்கள் எந்த அறிக்கையைப் பார்த்து அப்படிச் சொன்னார்களோ அதன் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் மேலே சொன்ன 2005 சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சிறு கட்டணம் வாங்கலாம், தர மாட்டோம் என்று சொல்ல முடியாது. கிளையில் இருப்பவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம், பிரிவு எண்ணோடு எழுதிக் கொடுங்கள், கிளையில் பதில் இல்லாவிட்டால் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்புங்கள்.

முதன்முதலாகக் கடன் கேட்கும் பிள்ளைகளிடம் உனக்கு ஸ்கோரே இல்லையே என்று சொல்லி அனுப்பிவிடும் வழக்கமும் இருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை விண்ணப்பிப்பவரை நிராகரிக்கக் கூடாது, கடனுக்கு இவ்வளவு ஸ்கோர் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்தக் குறைந்தபட்சமும் வைக்கவில்லை என்று மேலே சொன்ன 2025 ஆகஸ்ட் நாடாளுமன்றப் பதிலில் இருக்கிறது. கொடுத்தே ஆகவேண்டும் என்று பொருள் இல்லை, வருமானம், மற்ற விவரம் எல்லாம் பார்ப்பார்கள். ஸ்கோர் இல்லை என்பதை மட்டும் சாக்காகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

"ஒரே மாதத்தில் சிபிலை ஏற்றித் தருகிறோம், 5,000 ரூபாய்" என்று சுவரில் ஒட்டியும் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் ஒரு கூட்டம் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் செய்வதெல்லாம் நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய தகராறு மனுவை உங்கள் பெயரில் போடுவதுதான். உண்மையான தாமதத்தை எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது, அந்தத் தகவலைக் குறைந்தது ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதுவும் போதாதென்று உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர்கள் கையில். அப்புறம் உங்கள் பெயரில் புதுக் கடன் முளைத்தால் யாரைக் கேட்பது?

நான் கடனே வாங்குவதில்லை, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் வரலாறு மோசம் என்று வங்கி ரத்து செய்ததும், 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று சொன்னதும் செய்தியில் வந்தது. கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கும் பேச்சு எழுந்து விவசாயிகள் கொதித்தது அதே வருஷம்தான். இந்த அறிக்கை வங்கி வாசலைத் தாண்டி வெளியே வந்து ரொம்ப நாளாகிறது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், செல்போன் தவணையை அலட்சியமாக விட்டவர்கள், ஹால் டிக்கெட் எடுக்கிற அன்றே இதையும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாகத் தங்கள் பத்திரிகைக்கும் வங்கிகளுக்கும் ஆளுக்கொரு வேண்டுகோள். நான் பார்த்த அறிக்கைகள் அத்தனையும் ஆங்கிலத்தில்தான் இருந்தன. குழுக் கடன் வாங்கும் பெண்களும் நகையை வைத்து உரம் வாங்கும் விவசாயிகளும்தான் இதனால் அதிகம் அடிபடுகிறார்கள், அவர்களால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. கடன் விண்ணப்பத்தையும் வங்கிச் சீட்டையும் தமிழில் அச்சடிக்க முடிகிறது என்றால் இதையும் முடியும். தகவல் நிறுவனங்களிடம் அதைக் கேட்க வேண்டியது கிளை கிளையாகக் கடன் கொடுக்கும் வங்கிகள்தான். அது வரும்வரை, ஒவ்வொரு ஜனவரி முதல் வாரமும், புது வருஷத்து இலவச அறிக்கை தொடங்கும் நேரத்தில், அறிக்கையில் வரும் சுருக்கெழுத்துகளுக்கெல்லாம் தமிழில் விளக்கம் போட்டு அரைப் பக்கம் நீங்கள் வெளியிட வேண்டும். வெட்டி வைத்துக்கொள்ளும்படி கட்டம் கட்டிப் போடுங்கள். எழுதித் தரச் சொன்னால் நான் தயார், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர்